முதுகுக்கு ஒரு மருந்து

போன வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் மதியம், ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்தபடி களைக்கொல்லி பற்றிய ஒரு ரீலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'மண்ணைக் கொல்லும் மருந்து' என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. பின்னணியில் சோகமாக ஒரு வயலின். கூடவே என் பங்குக்கு இரண்டு வரி கோபமாக எழுதியிருந்தேன். பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர் அம்மா.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"என்னடா அது, களை மருந்த பத்தி என்னமோ போட்டிருக்கியாம்?"

"ஆமாம்மா. அது ரொம்ப மோசமான மருந்து."

"நாளான்னிக்கு நம்ம காட்டுக்கு அதத்தான்டா அடிக்கச் சொல்லியிருக்கேன். மொதல்ல எடுத்துரு அத. சித்தப்பா பாத்தா சங்கடப்படுவாரு."

நான் பேச ஆரம்பித்தேன். கேன்சர், மண்புழு, தவளை, வெளிநாட்டுக் கோர்ட்டு என்று ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சரிப்பா. அப்ப யாரு குனியறது?"

என்னிடம் பதில் இல்லை. "நான் வர்றேன்" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று ராத்திரியே பெரம்பலூர் பக்கம் பஸ் ஏறினேன்.

*

அந்தக் கேள்வியைக் கேட்க அம்மாவுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் இருபது வருஷம் களைவெட்டப் போனவள். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எரிந்த அடுப்பு, என் பள்ளிக்கூட பேக், காலேஜில் கட்டிய முதல் வருஷ ஃபீஸ் எல்லாமே பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் அவள் குனிந்து சம்பாதித்தது.

களைவெட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். களைக்கொத்து என்பது ஒரு முழக் கட்டையில் பூட்டிய சின்ன இரும்பு. கட்டை குட்டை என்பதால் குனிந்தே ஆக வேண்டும். ஆளுக்கு இரண்டு சால் பிரித்துக்கொண்டு, ஒரு கையால் செடியை விலக்கி, மறு கையால் கொத்தி, கோரையைக் கிழங்கோடு பிடுங்கி உதறி முன்னால் நகர வேண்டும். காலையில் குனிந்தால் சோத்துக்குத்தான் நிமிர முடியும். நடுவில் யாராவது இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தால், வரப்பில் நிற்கும் காட்டுக்காரர், "என்ன அங்க, வேடிக்கையா?" என்று குரல் கொடுப்பார். நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவின் கூலி நாளைக்கு நாற்பது ரூபாய். அதே காட்டில் ஆம்பளைக் கூலி அதைப்போல இரண்டு மடங்கு.

சாயங்காலம் அவள் வரும்போது மடியில் கீரை இருக்கும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சில நாள் கானாவாழை. களை என்று வெட்டிப் போட்டதில் பாதி எங்கள் ராத்திரிக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் அம்மா பாயில் குப்புறப் படுப்பாள். நான் அவள் முதுகில் தைலம் தேய்க்க வேண்டும். எட்டாவது வரைக்கும் ஏறி மிதித்தேன். அதற்குமேல் என் எடை கூடிவிட்டது என்று கையால் தேய்த்தேன். 'முதுகுக்கு மருந்து போடு' என்பாள். அந்தத் தைலத்தின் வாசம் இல்லாத ஒரு ராத்திரிகூட என் சின்ன வயதில் ஞாபகம் இல்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. நேராக நிற்கும்போதும் லேசாக முன்னால் சாய்ந்துதான் நிற்பாள்.

2019இல் அவள் சீட்டுப் பணமும் என் சம்பளக் கடனும் சேர்ந்து ஒன்றேகால் ஏக்கர் கரிசல் வாங்கினோம். ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் களைவெட்டியவள் முதன்முதலாகச் சொந்தக் காட்டின் வரப்பில் நின்றாள். அந்த வருஷம்தான் முதன்முதலாக எங்கள் காட்டில் களை மருந்தும் அடித்தாள். சந்தோஷமாக அடித்தாள். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

*

அந்த மருந்தின் பெயர் கிளைபோசேட். உரக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஏதாவது ஒரு கம்பெனிப் பெயர், இல்லாவிட்டால் வெறுமனே 'புல்லு மருந்து'. உலகத்தில் அதிகமாக அடிக்கப்படும் களைக்கொல்லி இதுதான். 1950இல் சுவிட்சர்லாந்தில் ஒரு வேதியியலாளர் இதை முதலில் தயாரித்தபோது எதற்கு ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1970இல் அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனியில் ஜான் பிரான்ஸ் என்பவர் இது செடிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1974இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. இலையில் பட்டால் உள்ளே இறங்கி வேர் வரைக்கும் போகும். செடிகள் தங்களுக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையின் நடுவில் இருக்கும் ஒரு நொதியை இது முடக்கிவிடும். செடி உடனே சாகாது. நாலைந்து நாள் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். பிறகு மெல்ல மஞ்சளாகி, பத்துப் பதினைந்து நாளில் வேரோடு கருகும். மேலே மட்டும் அறுத்தால் மறுபடி துளிர்க்கும் அருகம்புல்லையும் கோரையையும் இது அடக்குவதற்குக் காரணம் இந்த இறக்கம்தான்.

மனிதர்களுக்கும் மாட்டுக்கும் அந்தப் பாதை கிடையாது. அந்த அமினோ அமிலங்களை நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். 'இது மனுஷனை ஒண்ணும் செய்யாது' என்று கடைக்காரர் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அது பாதி உண்மை. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிலவற்றுக்கும், மண்ணில் இருக்கும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் அந்தப் பாதை உண்டு. அதைவிட முக்கியமாக, பாட்டிலில் இருப்பது கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையில் வழுக்காமல் ஒட்டுவதற்கு சோப்பு மாதிரியான ஒரு பொருளும் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கும் ஒரு வகை, கிளைபோசேட்டைவிட அதிக நச்சு. 2005இல் அமெரிக்காவில் ரிக் ரெலியா என்ற ஆய்வாளர் செயற்கைக் குட்டைகளில் செய்த சோதனையில், அந்தச் சோப்பு கலந்த ரவுண்டப் தலைப்பிரட்டைகளைக் கூட்டமாகக் கொன்றது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைச் சோப்பைக் கிளைபோசேட் மருந்துகளில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது.

புற்றுநோய் விஷயம்தான் பெரிய சண்டை. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பட்டியலில் இதைச் சேர்த்தது. அதே வருஷம் ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு, 'அதற்கு வாய்ப்பு குறைவு' என்றது. அமெரிக்க அரசும் அப்படியே சொன்னது. இரண்டும் முரண் மாதிரித் தெரியும். முதல் அமைப்பு கேட்டது, 'இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் இருக்கிறதா?' என்று. மற்றவர்கள் கேட்டது, 'சொன்ன அளவில், சொன்ன முறையில் பயன்படுத்தினால் ஆபத்து வருமா?' என்று.

சொன்ன அளவில், சொன்ன முறையில். என் சித்தப்பாவைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியைப் படித்தால் சிரிப்பு வரும்.

*

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஊரில் பாதிக் காட்டுக்கு மருந்து அடிப்பவர் அவர்தான். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. அழுக்கு லுங்கியை மடித்துக் கட்டி, வெற்றுக் காலோடு, முதுகில் பதினாறு லிட்டர் டேங்கை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து டேங்க் அடிப்பார். வாயைச் சுற்றி ஒரு துண்டு. அதுவும் வேர்த்தால் இறங்கிவிடும்.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. அம்மாவிடம் பேசி நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். விடிவதற்குள் அவர் காட்டில் இருந்தார். பருத்தி முழங்கால் உயரம். சாலுக்கு நடுவில் சாரணையும் கோரையும் பச்சைப் பாய் மாதிரி. பருத்திமேல் மருந்து படாமல் இருக்க, அஞ்சு லிட்டர் கேனை அடியில் வெட்டி நாசிலுக்கு மேலே கவிழ்த்துக் கட்டியிருந்தார். கடைக்காரர் டேங்குக்கு நூறு மில்லி சொன்னாராம். சித்தப்பா நூற்றைம்பது ஊற்றினார். கூடவே ஒரு பிடி கல்லுப்பு.

"குட்டைத் தண்ணி வேண்டாம் தம்பி, கலங்கலா இருக்கும். சேறு இருந்தா மருந்து வேல செய்யாது. போர் தண்ணி கொண்டா" என்றார்.

அது எவ்வளவு சரி என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. கிளைபோசேட் மண்துகளில் பட்டவுடன் இறுக்கி ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது வேலை செய்யாது. அந்த நுணுக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்தியாவில் இந்த மருந்து தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும் மட்டும்தான் அனுமதிக்கப்பட்டது என்பதோ, 2022 அக்டோபரில் மத்திய அரசு இதை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டும்தான் அடிக்கலாம் என்று அறிவித்ததோ அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கரிசல் காட்டில் நிற்கும் ஒரு பருத்திச் செடிக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவில் ரொம்ப தூரம்.

எட்டாவது டேங்கில் நாசில் அடைத்துக்கொண்டது. சித்தப்பா அதைக் கழற்றி, பல வருஷப் பழக்கத்தில், வாயில் வைத்து ஊதினார். இன்னொரு கை பிடியில் இருந்தது. குழாயில் நின்ற அழுத்தம் சட்டென்று விட்டு, மருந்து நேராக அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. கண்ணில், வாயில்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று போர் தண்ணியில் கழுவினார். பத்து நிமிஷத்தில் வாந்தி.

*

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த டாக்டர் என் வயதுப் பெண். கண்ணைக் கழுவ ஏற்பாடு செய்துகொண்டே கேட்டார்.

"என்ன மருந்து?"

"களை மருந்து."

"எந்தக் களை மருந்து?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தது, போன வாரம் இன்னொருவர் காட்டுக்கு அடித்தது ஒன்று, இன்றைக்கு அடித்தது ஒன்று, இரண்டும் புல்லு மருந்து.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாராகுவாட்டா இருந்தா விஷயம் வேற. அதுக்கு மாத்து மருந்து கிடையாது. பாட்டில் கிடைக்குமா?"

நம் மொழியில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, முதுகுக்குத் தேய்ப்பதும் மருந்து. 'மருந்து குடிச்சிட்டா' என்று ஊரில் சொன்னால் யாரும் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எது உயிரோடு விடும், எது விடாது என்ற வித்தியாசம் அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது.

பைக்கை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனேன். சித்தப்பா டேங்க் கழுவுவதும், காலி பாட்டிலை வீசுவதும் அங்கேதான். மேகம் மூடி அப்போதே இருட்டியிருந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஆவாரஞ் செடிக்கு அடியில், தண்ணீர் ஓரத்தில், சேற்றில் பாதி புதைந்து, எத்தனை வருஷத்துப் பாட்டில்கள்! வெள்ளை, பச்சை, நீலம். லேபிள் கரைந்தவை, கிழிந்தவை. லேபிள் இருந்ததிலும் எழுத்து எறும்பு மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். குட்டையில் தவளைகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு பாட்டிலின் கழுத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்தில் அம்மா உப்பு மடித்துக் கொடுத்த தினத்தாள். லேபிளில் கிளைபோசேட் 41 சதவீதம். உரக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆமாம், அதுதான் கொடுத்தேன் என்றார்.

அந்த நிமிஷம் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சேற்றில் உட்கார்ந்து, 'சாமி, கிளைபோசேட்தான், நல்லவேளை' என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு நாளுக்கு முன்னால் எதை 'மண்ணைக் கொல்லும் மருந்து' என்று ஸ்டேட்டஸ் வைத்தேனோ, அதன் பெயரைப் பார்த்து அழுதேன்.

சித்தப்பாவை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கண் சிவப்பு அடங்க ஐந்தாறு நாள் ஆனது. பிழைத்துக்கொண்டார்.

பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே விலக்கிவிட்டது. இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையில் அதையும் வேறு இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் படிப்படியாக நிறுத்தியது. அதற்குப் பிறகு அங்கே பூச்சிக்கொல்லி குடித்துச் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. விளைச்சல் சரிந்துவிடவில்லை. ஆக, தடை சில இடங்களில் நேரடியாக உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிளைபோசேட்டிலும் இலங்கைக்கு ஒரு கதை உண்டு. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கியது. கிளைபோசேட்டும் கடினத் தண்ணீரும் சேர்ந்ததுதான் காரணம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். 2015இல் தடை வந்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018இல் தடை தளர்ந்தது. 2021இல் மறுபடி தடை, 2022இல் மறுபடி தளர்வு. அந்த நோய்க்கு வெயிலில் உடல் நீர் வற்றுவது, தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு என்று வேறு காரணங்களையும் விஞ்ஞானிகள் அடுக்குகிறார்கள். எனக்கு இதில் உறைத்தது வேறு. தேயிலை மலையில் மருந்து நின்றால் களை நிற்காது. அப்போது அங்கே குனிய வேண்டியவர்கள் யார் என்று யோசித்தால் விடை தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் குனிந்த நம் மக்கள்தான்.

*

சித்தப்பா படுத்துவிட்டதால் மிச்சம் அரை ஏக்கர் அப்படியே நின்றது. மழை வேறு வருவதுபோல இருந்தது. மழைக்குப் பிறகு களை பருத்தியை மூடிவிடும். அம்மா ஆள் கூப்பிடப் போனாள். எங்கள் தெருவில் முன்பு களைவெட்டுக்கு இருபது பெண்கள் கிளம்புவார்கள். இப்போது கிடைத்தது மூன்று பேர். மூன்று பேருமே ஐம்பது தாண்டியவர்கள். சின்ன வயசுப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். சிலர் நூறு நாள் வேலைக்கு. அவர்கள் இந்த வேலையை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. என் அம்மாவும் அப்படி ஒரு பஸ்ஸில் ஏறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அம்மா பரணிலிருந்து பழைய களைக்கொத்தை எடுத்தாள். நானும் ஒன்றை எடுத்தேன்.

முதல் சால் பாதி வரைக்கும் வீராப்பாக இருந்தது. அதற்குமேல் இடுப்புக்குக் கீழே ஒரு நரம்பு இழுத்தது. ஒரு சால் முடிந்தபோது நிமிர்ந்தேன். முழுதாக நிமிர முடியவில்லை. பக்கத்துச் சாலில் அம்மா எனக்கு இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது முதுகு, தரைக்குச் சமமாக. ஒன்றரைச் சாலில் நான் வரப்பில் மல்லாந்துவிட்டேன். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். "மெட்ராஸ் மாப்ள, ஆபீசுக்கு லீவு போட்டுட்டு இதுக்கா வந்தீங்க?" என்றார் ஒருவர். அம்மா சிரிக்கவில்லை.

சாயங்காலம் கணக்குப் போட்டோம். அந்த அரை ஏக்கருக்கு மூன்று பேர் கூலி, இரண்டு நாள். தலைக்கு முந்நூறு ரூபாய் வீதம் ஆயிரத்து எண்ணூறு. அம்மாவுக்கும் எனக்கும் கூலி போடவில்லை. அதே அரை ஏக்கருக்கு மருந்தும் அடிகூலியும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். பருத்திக்கு இப்படி இரண்டு மூன்று களை. என் ரீலில் இந்தக் கணக்கு வரவில்லை.

அன்று ராத்திரி பல வருஷம் கழித்து அம்மாவின் முதுகில் தைலம் தேய்த்தேன். கையில் எலும்பு தட்டியது. அவள் குப்புறப் படுத்தபடியே சொன்னாள். "மருந்து கெட்டதுன்னு எனக்கும் தெரியும்டா. அடிச்ச காட்டுல கீர பறிச்சு நான் ஒலையில போட்டதே இல்ல. ஆனா மொதமொதல்ல அத அடிச்சப்ப, பதினஞ்சு நாள் கழிச்சு வந்து பாத்தேன். அத்தன புல்லும் கருகிக் கெடந்துச்சு. ஒரு ஆளு குனியல. நான் வரப்புல உக்காந்து அழுதுட்டேன்."

*

மருந்து வேண்டாம் என்று சொல்லும்போது யார் முதுகில் நின்று சொல்கிறோம் என்று இப்போது யோசிக்கிறேன். மருந்து வேண்டும் என்று சொல்லும்போதும் அதே கேள்விதான். பெண்களின் முதுகிலிருந்து இறக்கிய சுமையை டேங்காகச் சித்தப்பாவின் முதுகில் ஏற்றினோம். அங்கிருந்து குட்டைக்கு இறக்கினோம். அமெரிக்காவில் டிவைன் ஜான்சன் என்பவர் பள்ளிக்கூட மைதானங்களுக்கு இதே வகை மருந்து அடித்தவர். பாதுகாப்பு உடை போட்டுத்தான் அடித்தார். ஒரு முறை குழாய் விட்டுப்போய் உடம்பெல்லாம் நனைந்தது. பிறகு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. 2018 ஆகஸ்டில் ஜூரி அவருக்கு 28.9 கோடி டாலர் தரச் சொன்னது, மேல்முறையீட்டில் அது 2 கோடிச் சொச்சமாகக் குறைந்தது. மான்சான்டோவை வாங்கிய பேயர் கம்பெனி, ஆயிரக்கணக்கான வழக்குகளை முடிக்க 2020இல் ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு ஒதுக்கியது. ஜான்சனுக்கு ஒரு கோர்ட்டும், எந்த மருந்து என்று எழுதிய பதிவேடும் இருந்தன. சித்தப்பாவுக்கு இருந்தது சேற்றில் கிடந்த ஒரு பாட்டில்.

அந்த நாட்டிலேயே இன்னொரு கதையும் நடந்தது. கலிபோர்னியாவில் மெக்சிகத் தொழிலாளர்கள் கீரைக்கும் சர்க்கரை பீட்டுக்கும் களைவெட்டிய கொத்துக்கு 'எல் கோர்ட்டிட்டோ' என்று பெயர். குட்டையானது என்று அர்த்தம். எங்கள் களைக்கொத்து மாதிரியேதான். நீளக் கைப்பிடி போட்டால் பயிருக்குச் சேதம் வரும் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். உண்மையில் அதில் அவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. யாராவது நிமிர்ந்தால் தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். முதுகு ஒடிந்த தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்தக் குட்டைக் கொத்தைக் கலிபோர்னியா தடை செய்தது. நீளக் கைப்பிடி வந்தது. பயிர் அழிந்துவிடவில்லை.

ரவுண்டப் கடைக்கு வந்த மறு வருஷம் அது. இதைப் படித்தபோது வரப்பில் நின்று 'என்ன அங்க, வேடிக்கையா?' என்று கத்திய குரல் எனக்குக் கேட்டது. இரண்டு முழக் கட்டை கூடுதலாக வைக்க இத்தனை வருஷம் எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே. குனிந்தவர்கள் பெண்கள் என்பதால்தானா?

அடுத்த மாதம் கையால் தள்ளும் சக்கரக் களையெடுப்பான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சைக்கிள் சக்கரம், பின்னால் கொத்து, நின்றபடி தள்ளலாம். கூடவே சித்தப்பாவுக்கு ரப்பர் கையுறை, கண்ணாடி, நாசில் குத்த ஒரு பிரஷ். கையுறையை இரண்டு நாள் போட்டார். "வேர்க்குது தம்பி" என்று கழற்றிவிட்டார். கண்ணாடி மட்டும் இன்னும் போடுகிறார். நாசிலை இப்போது வாயில் வைப்பதில்லை. காலி பாட்டிலை அம்மா ஒரு சாக்கில் கட்டி, லேபிளோடு, மாட்டுக் கொட்டகையில் பூட்டி வைக்கிறாள்.

இந்த வருஷம் அம்மா சக்கரத்தைத் தள்ளினாள். ஈரம் பதமாக இருந்தால் சாலுக்கு நடுவில் அருமையாக ஓடுகிறது. முதல் நாள் ஒரு சால் போய்த் திரும்பி வந்து, கைப்பிடியில் சாய்ந்து நிமிர்ந்து நின்று, "இது அன்னைக்கே இருந்திருந்தா உன் கையில இவ்ளோ தைலம் ஆகியிருக்காதுடா" என்றாள்.

ஆனால் கரிசல் காய்ந்து இறுகினால் சக்கரம் இறங்காது. மழையில் சேறு அப்பினால் நகராது. செடியை ஒட்டி முளைப்பதை அது தொடாது, அதற்குக் குனியத்தான் வேண்டும். கோரையின் தலையை வெட்டும், கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். மருந்தும் முழு வெற்றி இல்லை. ஐந்து வருஷம் அடித்ததில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் காணாமல் போய், வடக்கு மூலையில் கானாவாழை மட்டும் ஜமக்காளம் விரித்த மாதிரி பரவியிருக்கிறது. கிளைபோசேட்டுக்கு எளிதில் அடங்காத செடி அது. ஆஸ்திரேலியாவில் 1996இல் ஒரு புல் இந்த மருந்தைத் தாங்கிப் பழகியதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அப்படிப் பழகிய களைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

போன வாரம் போன் செய்தபோது அம்மாவிடம் கேட்டேன், இந்த வருஷம் மருந்து அடிக்க வேண்டாம்தானே என்று.

"சாலுக்கு நடுவுல வேண்டாம்டா, வண்டி இருக்கு. செடியோரம் மூணு பேர் ரெண்டு நாள், அது சமாளிச்சுக்கலாம்" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெக்கு வரப்புல கோரை ஏறி வருது. அதுக்கு என்ன பண்ணப்போற, சொல்லு" என்றாள்.

அந்த ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், கடப்பாரையோடு.